திரும்பிப் பார்க்கும் குதிரை

1

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரி ஜைனம்பு, என்னிடம் இருந்த பழங்காசு ஒன்றைப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டாள். அந்தக் காசுக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல்.

இதில் என்ன குற்றம் என்றுதான் திண்டுக்கல்லில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்குத் தோன்றும். பெருநாளுக்கு முந்தின நாள் பேகம்பூரில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் அண்டாவும் குடமும் தாம்பாளமும் புளியும் சாம்பலுமாகத் தேய்பட்டுக் கிடக்கும். கறுத்த பாத்திரத்தை அப்படியே வைத்திருக்கிறவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று பேர் வந்துவிடும். ஆனால் நான் இருக்கிற லண்டன் பட்டணத்தில், பழங்காசு சேர்க்கிறவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் போய் எங்கள் வீட்டில் காசை விளக்கிவிட்டோம் என்று சொன்னால், பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளியவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

காரணம் உண்டு. நான் தோல் சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். மண்ணுக்குள் பல நூறு வருஷம் கிடக்கிற வெண்கலக் காசின்மேல் கறுப்பும் பச்சையுமாக ஒரு தோல் கட்டும். அந்தத் தோல் இருக்கிறவரைக்கும்தான் அது பழங்காசு. உரித்துவிட்டால் வெறும் செம்புத் துண்டு. எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான்.

நான் வேலை முடிந்து வந்தபோது அது சமையலறை ஜன்னலோரத்தில் சிவக்கச் சிவக்க மின்னிக்கொண்டிருந்தது. கத்தினேன். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி சுவரைத் தட்டுகிற அளவுக்குக் கத்தினேன். ஜைனம்பு அசையவில்லை. சட்டியைக் கிண்டியபடியே சொன்னாள்.

“புள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற சாமான்ங்க. கன்னங்கரேல்னு கெடந்துச்சு. அதப் பாத்தா நம்ம வீட்டையே அழுக்குன்னுதான நெனைப்பாங்க.”

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. இந்த ஊரில் வாடகைக்கு வீடு கேட்டு நாங்கள் நின்ற வாசல்களும், எங்கள் முகத்தைப் பார்த்ததும் சாத்திய கதவுகளும் அவளுக்கும் எனக்கும் ஒன்றாகத்தான் தெரியும். 

இன்னொன்றும் உண்டு. அவள் செலவழித்தது ஊர்ப் புளி. என் தம்பி தபாலில் அனுப்பியது. அதை மீட்பதற்கு நான் சுங்க ஆபீசில் அரை நாள் நின்றேன். அங்கிருந்த அதிகாரி புளி உருண்டையைப் பேப்பரில் வைத்துப் பேனாவால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்டார். பழம் என்றேன். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்றார். எனக்கு அந்த நேரம் பார்த்து இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. தண்ணீரில் ஊறப் போட்டுப் பிசைந்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று சொல்லி வைத்தேன். எறிவதற்கா இத்தனை தூரம் வரவழைத்தீர்கள் என்று அவர் நிஜமாகவே கேட்டார். அப்படி வந்த புளியில் பாதியைத்தான் ஜைனம்பு அந்தக் காசுக்குப் போட்டிருந்தாள்.

2

அந்தக் காசு எனக்குக் கிடைத்தது மால்டா என்கிற தீவின் துறைமுகத்தில். நான் இங்கே வந்த கப்பல் அங்கே ஒரு பகல் நின்றது.

பேகம்பூரில் தோல் ஷாப்பில் நான் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டுத்தோலைக் கட்டைவிரலால் தடவினால் போதும், எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் சரக்கை வாங்குகிற லண்டன் ஏஜெண்டுக்கு அப்படி ஒரு ஆள் அங்கேயே வேண்டியிருந்தது. ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வந்துவிடு என்றார் முதலாளி. ஜைனம்பு அப்போது முழுகாமல் இருந்தாள். ரெண்டு வருஷம்தானே என்று அவளும் தலையாட்டினாள். அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

ஊரிலிருந்து நான் புறப்பட்டது எங்கள் பெரியத்தாவின் ஜட்காவில். பெரியத்தா என்றால் பெரியப்பா, என் அத்தாவின் அண்ணன். ரயில் ஸ்டேஷனில் வண்டி போட்டிருந்தார். பழனிக்குப் போகிற கூட்டம்தான் அவருக்குச் சாப்பாடு போட்டது. மதுரைப் பக்கமிருந்தும் மெட்ராஸ் பக்கமிருந்தும் வந்து இறங்குகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவார். தைப்பூச சமயத்தில் காவடியும் ஆளுமாக வண்டிக்குள் அடைத்துக்கொண்டு போவார். வண்டியில் ஏறுகிறவர்கள் முருகனைக் கூப்பிடுவார்கள், இவர் பிஸ்மி சொல்லி வண்டியை எடுப்பார். ரயில் வராத நேரத்தில் தோல் ஷாப்புகளுக்குத் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டைக் கட்டு ஏற்றி இறக்குவார். 

அவருடைய குதிரைக்குப் பெயர் சுல்தான். பழுப்பு நிற மட்டக் குதிரை. அதற்கு ஒரு பழக்கம். சவாரிக்காரர்கள் ஏறினால் ஒன்றும் இல்லை, லகானை அசைத்ததும் நடக்கும். ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் ஏறினால் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் பின்படியில் தாவி ஏறுகிறவன் நான். சின்னதிலிருந்தே அப்படித்தான். என் கால் படியில் விழுந்து வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால்தான் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கும். அதுவரை சாட்டையை எடுத்தாலும் நகராது. ஸ்டேஷனில் மற்ற வண்டிக்காரர்கள் அதற்கு டிக்கெட் பரிசோதகர் என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

நான் புறப்பட்ட அன்றும் அப்படித்தான் பார்த்தது, நான் ஏறியதும் நடந்தது. ஸ்டேஷனில் ஜட்காக்கள் நிற்கிற இடத்தில் ஒரு ஈச்ச மரம் உண்டு. அதன் நிழலில் வண்டியை நிறுத்தினார் பெரியத்தா. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து நேரே போய்விட்டேன்.

அதற்கப்புறம் மெட்ராஸ், பம்பாய், கப்பல். மால்டாவில் படகுக்காரர்கள் கப்பலைச் சுற்றி வந்து ஆரஞ்சும் லேஸ் துணியும் விற்றார்கள். ஒரு கிழவன் கயிறு கட்டி மேலே ஏற்றிய கூடையில் ஆரஞ்சுக்கு நடுவே ஒரு பொட்டலம் பழங்காசு கிடந்தது. நான் ஆரஞ்சு வாங்கத்தான் குனிந்தேன். கறுத்துத் தேய்ந்த ஒரு காசில் குதிரை நிற்கிறது. அதன் பின்னால் ஈச்ச மரம், இரண்டு பக்கமும் குலை தொங்குகிறது. குதிரை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது.

கப்பல் தட்டில் நின்றுகொண்டு நான் அழுதேன். ஆரஞ்சுக்கு வைத்திருந்த சில்லறையைக் கொடுத்து அந்தக் காசை வாங்கிக்கொண்டேன்.

3

அது கார்த்தேஜ் என்கிற பட்டணத்துக்காரர்கள் அடித்த காசு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் வடக்குக் கரையில் இருந்த ஊர். வியாபாரிகள், கப்பல்காரர்கள். ரோமாபுரிக்காரர்களோடு சண்டை போட்டுத் தோற்று, ஊரே தரைமட்டம் ஆகிவிட்டது. அவர்கள் எழுதியது எதுவும் பெரிதாக மிஞ்சவில்லை. காசுகள் மட்டும் மிஞ்சின.

எனக்கு இதைச் சொன்னவர் இங்கே பெரிய மியூசியத்துக்குப் பின்சந்தில் காசுக்கடை வைத்திருக்கிற ஒரு கிழவர். நல்ல காசெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். தேய்ந்தது, விளிம்பு உடைந்தது, கண் மூக்குத் தெரியாதது எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் கொட்டி வாசல் பக்கம் வைத்திருப்பார். சனிக்கிழமை மத்தியானம் கிட்டங்கி மூடியதும் நான் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுவிடுவேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பந்தாட்டம் பார்க்கப் போவார்கள். நான் கட்டைவிரலால் காசு காசாகத் தடவிக்கொண்டிருப்பேன். கிழவர் என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு புத்திமதியைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். விளக்காதே, கழுவாதே, தேய்க்காதே. 

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்ததுதான் என் சேகரம். கிரேக்கர்கள் அடித்ததும் உண்டு. சிசிலிக் காசு ஒன்றில் கடல்மீன் துள்ளுகிறது. ஒரு வெள்ளிக் காசில் தானியக் கதிர் இருக்கிறது, கன்னிவாடிப் பக்கம் கம்மங்கொல்லை நினைவுக்கு வந்து அதை வாங்கினேன். முட்ட வருகிற காளை ஒன்று, பாதி முகம் தேய்ந்த ஆந்தை ஒன்று. ஆனால் எத்தனை வாங்கினாலும் கண் தேடுவது குதிரையைத்தான். கார்த்தேஜ்காரர்களுக்குக் குதிரை மேல் அப்படி என்ன பைத்தியமோ, அள்ளி அள்ளி அடித்திருக்கிறார்கள். நின்ற குதிரை, ஓடுகிற குதிரை, தலை மட்டும் உள்ள குதிரை. நாமும் ராவுத்தர்கள்தானே. குதிரை வியாபாரம் செய்தவர்கள் என்று நம்மைச் சொல்வார்கள், எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து மிஞ்சியது ஒரு ஜட்காதான்.

ஜைனம்புவும் மகள் மும்தாஜும் இங்கே வந்தது நான் வந்து நாலு வருஷம் கழித்து. இடையில் சூயஸ் கால்வாய் அடைபட்டுப்போனதில் அவர்கள் பயணம் தள்ளித் தள்ளிப் போனது. என் மகளை நான் முதன்முதலில் பார்த்தது கப்பல் துறையில்தான். மூன்று வயது தாண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். 

வந்த மறுவாரமே ஜைனம்பு என் காசுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். குதிரைக் காசின் மறுபக்கம் ஒரு பெண்ணின் தலை, கூந்தலில் கதிர் செருகியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் கும்பிட்ட தெய்வம் என்பார்கள். தொழுகிற வீட்டில் முகம் மேலே பார்த்து இருக்கக் கூடாது என்று ஜைனம்பு ஒரு சட்டம் போட்டாள். நானும் ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாக் காசும் முகம் கவிழ்ந்துதான் படுக்கும். குதிரையும் மரமும் மீனும் கதிரும் மட்டும் மேலே பார்க்கும்.

மும்தாஜ் வளர்ந்தது அந்தக் குதிரையைப் பார்த்துத்தான். என்னிடம் அவளை ஒட்டவைத்ததே அதுதான். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மடியில் வந்து உட்காருவாள். நான் சொல்லிக்கொண்டு போவேன். இதுதான் சுல்தான். இதுதான் நம்ம ஸ்டேஷன் ஈச்ச மரம். ரயில் வரப்போகுது, பெரியத்தா பீடியை அணைச்சுட்டார். எல்லாரும் ஏறியாச்சு. இப்ப இது யாரைத் திரும்பிப் பாக்குது சொல்லு. “உங்களை” என்று சொல்வாள். நான் தொடையை ஒரு குலுக்குக் குலுக்குவேன். “டக் டக் டக்” என்று அவள் நாக்கால் சத்தம் கொடுப்பாள். வருஷக்கணக்காக அது எங்கள் இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை. அவளுக்குத் தமிழ் குறைந்து இங்கிலீஷ் ஏறிக்கொண்டே வந்தது. நான் ஒன்று கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அந்தக் கதையை மட்டும் தமிழில்தான் சொல்லவேண்டும் என்பாள்.

4

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் சொந்த ஊரிலிருந்து ஒரு பொருள் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மும்தாஜ் எங்களிடம் கேட்கவே இல்லை. சுங்குடிச் சேலை ஒன்று பெட்டியில் இருக்கிறது, ஜைனம்பு அதைத் தரலாம் என்று இருந்தாள். இவள் குதிரைக் காசைத்தான் எடுத்துவைத்தாள். அதை விளக்கித் தரச்சொல்லி அம்மாவிடம் கொடுத்ததும் இவள்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. 

வகுப்பில் எழுந்து நின்று, இது எங்கள் ஊர் திண்டுக்கல் காசு, இது எங்கள் குதிரை, இது எங்கள் ஸ்டேஷன் மரம் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் வாங்கிப் பார்த்துத் திருப்பியிருக்கிறார். மறுபக்கம் ஒரு பெண்ணின் முகம். காசு கறுத்துக் கிடந்தவரை அந்தப் பக்கத்தில் ஒரு முகம் இருப்பதையே என் மகள் கவனித்ததில்லை. அந்த டீச்சர் நல்லவர், நான் பிறகு போய்ப் பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். இது கார்த்தேஜ் காசு, இந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றிருக்கிறார். சுவரில் பழைய காலத்துத் தேசப்படம் தொங்கியது. அதில் கார்த்தேஜைக் காட்டியிருக்கிறார். அப்படியானால் திண்டுக்கல் எங்கே என்று மும்தாஜ் கேட்டிருக்கிறாள். வகுப்பில் இருந்த பூகோள உருண்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். மெட்ராஸ் இருந்தது. திண்டுக்கல் இல்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டன.

எனக்கு இதில் எரிகிறது. இடிந்து மண்ணாகி இரண்டாயிரம் வருஷம் ஆன ஊருக்குப் பள்ளிக்கூடச் சுவரில் இடம் இருக்கிறது. இன்றைக்கும் காலையில் ரயில் வந்து நிற்கிற, வெங்காய மூட்டை இறங்குகிற, மலைக்கோட்டை வெயிலில் காய்கிற என் ஊருக்கு அந்த உருண்டையில் ஒரு புள்ளி இல்லை.

அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். காசை மேஜைமேல் முகம் தெரிய வைத்தாள்.

“சுல்தான் நெஜமா இருந்துச்சா அத்தா? இல்ல, நீங்க இந்தக் காயினப் பாத்துக் கதைய மேக்-அப் பண்ணுனீங்களா?”

நிஜம் என்றேன். அப்படியானால் போட்டோ காட்டுங்கள் என்றாள். எங்கே போவேன் போட்டோவுக்கு. பெரியத்தா போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார், குதிரைக்கு யார் எடுப்பார்கள். ஜைனம்பு குறுக்கே வந்து, நானே அந்த வண்டியில் வந்திருக்கேன்டி என்றாள். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்வீங்க என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்று சாப்பிட்டதும் என் மடிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை எத்தனை நாளைக்கு மடியில் உட்காரும் என்று ஜைனம்பு என்னைத் தேற்றினாள். 

அதுவல்ல என் பயம். நான் ஊரை அவளுக்குக் கொடுத்தது அந்த ஒரு குதிரை வழியாகத்தான். அது பொய் என்றால் அவளுக்கு ஊரே பொய். என் தம்பி போன வருஷம் எழுதியிருந்தான், சுல்தான் செத்துவிட்டது, பெரியத்தா வண்டியைக் கொடுத்துவிட்டு மூட்டுவலியோடு வீட்டில் இருக்கிறார் என்று. அதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கதையில் அது இன்னும் மரத்தடியில் நின்றுகொண்டுதான் இருந்தது. இப்போது சாட்சிக்குக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போய் அந்த டீச்சரைப் பார்த்தேன். என் பெரியப்பாவுக்குக் குதிரை இருந்தது உண்மை என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். நான் சொன்னது அவருக்கு எப்படிப் புரிந்ததோ, குழந்தைகள் கற்பனை செய்வது நல்லதுதான், கவலைப்படாதீர்கள் என்று என்னைச் சமாதானம் செய்து அனுப்பினார். என் பத்து வருஷத்து இங்கிலீஷ் அந்த வாசலில் அவ்வளவுதான் உதவியது.

5

சனிக்கிழமை காலை ஜைனம்பு ஆஸ்பத்திரிக்குப் பல் காட்டப் போகவேண்டியிருந்தது. மும்தாஜைத் தனியாக விட முடியாது. நான் அவளைக் கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அங்கே வந்ததில்லை. வழி முழுக்க எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். 

அன்று புதுச் சரக்கு வந்திருந்தது. சாக்குத்துணி சுற்றிய சிப்பங்கள். ஒவ்வொன்றிலும் அனுப்பிய ஊரின் மார்க்கு இருக்கும். நான் மார்க்கைப் பார்க்கவே மாட்டேன். கட்டை அறுத்ததும் வாசம் சொல்லிவிடும். மற்ற ஊர்ச் சரக்கில் வேறு பட்டை, வேறு தண்ணீர். நம் ஊர்த் தோலில் ஆவாரம்பட்டை வாசம் தூக்கலாக அடிக்கும். ஏழு கடல் தாண்டி வந்தும் போகாது. வருஷத்தில் சில நாள் அந்த வாசத்துக்காகவே நான் வேலைக்குப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 

ஒரு சிப்பத்தின் கட்டை அறுத்தேன். நம் ஊர்ச் சரக்கு. மேல் தோலை எடுத்து விரித்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்த மும்தாஜ் மூக்கைப் பிடித்தாள்.

“சீ, நாறுது. அந்தத் தாடிக்காரர் வண்டி மாதிரியே நாறுது.”

எனக்குக் கை நின்றுவிட்டது. எந்தத் தாடிக்காரர் என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். என் கதையில் பெரியத்தாவுக்குத் தாடி கிடையாது. நான் ஊரில் இருந்தவரை அவர் மழுங்கச் சிரைத்துக்கொள்கிறவர். ஹஜ்ஜுக்குப் போய் வந்து தாடி விட்டது நான் இங்கே வந்த பிறகு. வண்டியின் வாசமும் என் கதையில் இல்லை. அதே வாசத்தில் ஊறிக் கிடந்த எனக்கு அது வாசமாகவே தெரிந்ததில்லை.

அவள் யோசித்தாள். ஒரு தாடிக்காரர். ஒரு வண்டி, கீழே வைக்கோல் குத்தும், இந்த நாற்றம் அடிக்கும். அவள் அம்மா மடியில் இருந்தாள். வண்டி போகிறது, ஆனால் அந்தத் தாடிக்காரர் வண்டியில் இல்லை. பின்னால் ஓடி வருகிறார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். அவள் கை தட்டிச் சிரித்தாள். அம்மா மட்டும் அழுதாள். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது என்றாள்.

“வண்டிக்காரர் ஏன் அத்தா வண்டிக்குப் பின்னால ஓடணும்?”

எனக்குத் தெரியவில்லை. நான் அங்கே இல்லை. அந்த மூன்று வருஷத்துத் திண்டுக்கல் அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அவளிடம் நான் அப்படியே சொன்னேன். 

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடினாள். நானும் பின்னால் போய் நின்றேன். பல் பிடுங்கிய வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜைனம்பு. மும்தாஜ் கேட்டதும் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். 

அவர்கள் கப்பலுக்குக் கிளம்பின நாள். பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றியாயிற்று. என் அம்மாவும் தம்பியும் ஏறியாயிற்று. இவளும் பிள்ளையும் ஏறியாயிற்று. நான் போன பிறகு வீட்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அந்த வண்டியில் ஏறியது அன்றுதான். சுல்தான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பெரியத்தா நாக்கைத் தட்டினார், லகானை இழுத்தார், சாட்டையை ஓங்கினார். நகரவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“பெரியத்தா எறங்கி அது மொகத்தத் தடவிக் குடுத்தாங்க. ‘காதரு இல்லடா, அவன் சீமைக்குப் போயி வருசக்கணக்காச்சு, நட’ன்னாங்க. அப்பவும் படியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. செத்த நேரம் பாத்தாங்க. பொறவு அவுங்களே பின்னால போயி, நீங்க மிதிக்கிற மாதிரியே படிய ஓங்கி ஒரு மிதி மிதிச்சாங்க. வண்டி குலுங்குச்சு. ஒடனே நடக்க ஆரம்பிச்சிருச்சு. அதப் புடிக்கத்தான் அந்த வயசுல அவுங்க ஓடியாந்தாங்க.”

இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க இங்க இருந்துருப்பீங்களா?” என்றாள் ஜைனம்பு.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

மும்தாஜ் மேஜைக்குப் போய்க் காசை எடுத்தாள். முகம் இருக்கிற பக்கத்தைக் கவிழ்த்துவிட்டுக் குதிரையை மேலே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்று, கதைக்கு மட்டும் எடுக்கிற தமிழில் சொன்னாள்.

“அத்தா, நீங்க இன்னும் ஏறவே இல்லல்ல. அதான் இது இன்னும் பாத்துக்கிட்டே இருக்கு.”

உள்ளங்கையை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். ஜைனம்பு புளி போட்டுத் தேய்த்ததில் குதிரையின் கண் இப்போது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு ஊருக்குப் போகவேண்டும்.